பழைய வேனைக் குடும்ப வேனாக மாற்றுகிறீர்களா? பலகை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பங்குனி உத்திரத்திற்காக மாரான் மரத்தாண்டவர் ஆலயத்திற்குப் போயிருந்தோம். மாமாவின் பழைய நிசான் வேனெட், அதற்குள் அவரே அடித்த பலகைக் கட்டில், பேட்டரி, காத்தாடி, விளக்கு. மறுநாள் பால்குடம் என்பதால் அத்தை விடியற்காலை 3 மணிக்கே எழுந்து, மின்சாரச் சோற்றுச் சட்டியில் அரிசியைப் போட்டுவிட்டு மீண்டும் சற்றுத் தலைசாய்த்திருந்தார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"என்னங்க, பிளாஸ்டிக் கருகுற வாசம் வருது. எந்திரிங்க."

வெளியே கன்வாஸ் விரித்துப் படுத்திருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது. உள்ளே பாட்டியும் பேரப்பிள்ளைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தபோது, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் வயரைத் தொட முடியவில்லை. மேல்தோல் இளகிப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலகை பழுப்பாகியிருந்தது. சட்டியை நிறுத்தி, துணியைச் சுற்றிக்கொண்டு பேட்டரி முனையைக் கழற்றிய பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. தீ பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பாட்டியை எப்படி இறக்கியிருப்போம் என்று பிறகு யோசித்தோம். பக்கக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையையும் தண்ணீர்த் தோம்பையும் அடுக்கி வைத்திருந்தோம்.

வயர் இழுத்துக் கொடுத்தது கார் ஆடியோ பொருத்தும் ஒரு பட்டறை. பார்த்த வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வயர் புதிது, இணைப்புகள் இறுக்கம். ஆனால் அது வீட்டுச் சுவரில் பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பியூஸ் எங்கேயும் இல்லை. "வீட்டுல இதே வயர்லதானே கெட்டில் ஓடுது, சோத்துச் சட்டி ஓடாதா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால்தான் பலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

வீட்டில் மின்னழுத்தம் ஏறக்குறைய 240 வோல்ட். 500 வாட் சட்டிக்கு 2 ஆம்பியருக்குச் சற்று மேல் மின்னோட்டம் போனால் போதும். வேன் பேட்டரி 12 வோல்ட். அதே 500 வாட் வேண்டுமென்றால் 42 ஆம்பியர் போக வேண்டும்; இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சிறிது வீணாக்குவதால் 45 முதல் 50 வரை ஆகும். அதாவது 20 மடங்கு. வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 20 மடங்கு மின்னோட்டம் என்றால் அதே வயரில் 400 மடங்கு சூடு. 2.5 வயர் தாங்குவது 20 ஆம்பியர் அளவு. அதைப் பலகைப் பெட்டிக்குள் அடைத்து, மேலே மெத்தை போட்டு, அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தோம்.

இன்வெர்ட்டருக்குப் போகும் வயர் ஒரு மீட்டர் தூரமே ஆனாலும் 16 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இப்போது மாமாவின் வேனில் அதுதான் இருக்கிறது, 60 ஆம்பியர் பியூஸோடு. பியூஸ் எதற்கு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. அது காத்தாடியையோ இன்வெர்ட்டரையோ காப்பாற்ற வைப்பது அல்ல. வயரைக் காப்பாற்ற வைப்பது. ஆகவே வயர் தாங்கும் அளவுக்குக் குறைவான பியூஸ் வேண்டும். அதைப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. காத்தாடி, விளக்கு, கைப்பேசி சார்ஜர் போன்றவற்றுக்குத் தனித்தனியாக 2.5 வயரும் 10 ஆம்பியர் பியூஸும் தாராளம்.

கேரவனா, வேனா?

கேரவன் என்றதும் தமிழ்ப்பட ரசிகர்களுக்கு நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டுக்கு அந்தப் பெயர். நம் நாட்டில் இழுவை வண்டி அபூர்வம். இங்கே குடும்பங்கள் மாற்றி அமைப்பது பழைய வேனெட், அர்வான், ஹையேஸ் போன்ற வேன்களைத்தான். கோவிட் காலத்திற்குப் பிறகு இந்த ஆசை கூடியிருக்கிறது. நம்மவர்களுக்கு ஊர் சுற்றுவதோடு இன்னொரு காரணமும் உண்டு: தைப்பூசத்திற்குப் பத்துமலை, தண்ணீர்மலை, கல்லுமலை, பங்குனிக்கு மாரான் என்று போகும்போது குடும்பத்தோடு தங்க அறை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுபடியாவதில்லை. கூண்டு வண்டியில் பானை சட்டியோடு திருவிழாவுக்குப் போன தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

முதலில் கிராணைப் பாருங்கள்

மரக்கடைக்குப் போவதற்கு முன் வாகனப் பதிவு ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் வேன் பல நேரம் சரக்கு வேனாகப் பதிவாகியிருக்கும். பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் தகரம் இருக்கும் பேனல் வேன் அந்த வகை. அதன் பின்பகுதி சாமான் ஏற்றுவதற்கு. அதில் மெத்தை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் போவது குற்றம். குடும்பத்திற்கு ஏற்றது, ஆட்கள் பயணிக்கவென்று பதிவான கண்ணாடி வேன்.

அடுத்தது இருக்கைகளின் எண்ணிக்கை. கிராணில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை அறுப்பது, கூரையை உயர்த்துவது, நிறத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு சாலைப் போக்குவரத்துத் துறையின், அதாவது ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். புஸ்பாகோம் போன்ற மையத்தில் பரிசோதனையும் வரும். இவை 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருபவை. "நான் போல்ட் போடவில்லை, சும்மா வைத்திருக்கிறேன்" என்று சொல்லித் தப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். கழற்றி எடுக்கக்கூடிய கட்டில், பெட்டி போன்றவை சாமான் போலத்தான் என்றாலும், வண்டியில் எது மாற்றம், எது சாமான் என்பதை முடிவு செய்வது நாமோ பட்டறைக்காரரோ அல்ல. நீங்கள் செய்ய நினைப்பதை ஒரு தாளில் வரைந்துகொண்டு ஜேபிஜே முகப்பில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அறுத்த பிறகு கேட்டால் தகரம் ஒட்டாது.

கடன் முடியாத வேன் என்றால் வண்டியின் உரிமை இன்னும் கடன் கொடுத்த வங்கியிடம்தான் இருக்கிறது. அவர்களிடமும் சொல்ல வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி எரிந்துபோனால், இழப்பீடு கேட்கும்போது முதல் கேள்வியே அதுதான்.

ஓடும் வண்டியில் கட்டில் கட்டிலாக இருக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்ற விதி 2009 ஜனவரி 1 முதல் இருக்கிறது. குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல். "பிள்ளை தூங்கட்டுமே" என்று பின்னால் படுக்க வைத்துக் காராக் மலைச்சாலையில் இறங்கும் வேன்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு திடீர் பிரேக்கில் பிள்ளை முன்கண்ணாடிக்கு வந்துவிடும். பின்னால் பலகைப் பெட்டியும் வரும். ஆகவே மடித்து வைக்கக்கூடிய கட்டில்தான் குடும்ப வேனுக்குச் சரி. போகும்போது இருக்கை, நிறுத்திய பிறகு படுக்கை.

எடை

கிராணில் இன்னொரு எண்ணும் இருக்கும்: பெராட் டெங்கான் முவாத்தான், சுமையோடு வண்டியின் எடை. பக்கத்திலேயே பெராட் தன்பா முவாத்தான், சுமை இல்லாத எடை. இரண்டையும் சுருக்கித் தமிழில் எழுதினால் பி.டி.எம். என்றே வரும், கவனமாகப் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் ஆட்கள், பலகை, தண்ணீர், சட்டிபானை எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைக்கும் அளவு.

மாமா முதலில் எல்லாவற்றையும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்தார். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்று சுமார் 32 கிலோ. ஐந்து தகடு என்றால் 160 கிலோ, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு பெரிய ஆட்கள் எப்போதும் ஏறி உட்கார்ந்திருப்பது போல. 12 மில்லிமீட்டர் தகடு 21 கிலோ அளவுதான். படுக்கும் பகுதிக்கு அடியில் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாகக் கொடுத்தால் 12 தாராளமாகத் தாங்கும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 40 லிட்டர் எடுத்துப் போனால் 40 கிலோ. ஈயப் பேட்டரி 100 ஆம்பியர்-மணி அளவுள்ளது 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அதே அளவு லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோவுக்குள். ஆறு பேர் ஏறினால் 390 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் பயமாக இருக்கும். கனமானவற்றைக் கீழேயும், முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையிலும் வையுங்கள். கூரையில் ஏற்றிக் கட்டினால் வளைவில் வண்டி சாயும்.

பழைய வேன் வாங்குபவர்கள் டயரின் மேல் வரிகள் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். டயர் தயாரான வாரமும் ஆண்டும் அதன் பக்கத்தில் நான்கு இலக்கமாக இருக்கும். மாற்று டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கி ஏற்றிய வண்டியைத் தூக்குமா என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சோதித்துவிடுங்கள். உப்பு விற்கப் போன உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதாகச் சங்கப் பாடல் ஒன்று சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்த அந்தப் புத்தி மாமாவுக்கு இல்லை. மாற்று டயர் இருந்த இடத்தில் அவர் தண்ணீர்த் தோம்பை வைத்திருந்தார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம்?

பேட்டரி கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 18 வாட் காத்தாடி இரண்டு, இரவு 9 மணி நேரம்: 324 வாட்-மணி. எல்இடி விளக்கு 50. ஐந்து கைப்பேசிகளுக்கு 75. 12 வோல்ட் குளிர்பெட்டி வைத்தால், 45 வாட் கம்ப்ரசர் நம் வெப்பத்தில் நாளில் பாதி நேரம் ஓடும்: 540. மொத்தம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது, அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். குளிர்பெட்டியை விட்டுவிட்டு ஐஸ் பெட்டி வைத்துக்கொண்டால் செலவு பாதிக்கு மேல் குறைகிறது. இரண்டு இரவுப் பயணத்திற்கு ஐஸ் பெட்டி போதும் என்பது என் கருத்து, அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

கூரையில் 200 வாட் சூரியத் தகடு போட்டால் நம் நாட்டில் நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைக்கும்; இழப்பு போக 550, 600 வாட்-மணி கையில் நிற்கும். ஆனால் பகலில் நாம் நிழல் பார்த்துத்தானே வண்டியை நிறுத்துவோம்? மரத்தடியில் நிறுத்தினால் தகடு சும்மா கிடக்கும்.

வேனை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே காத்தாடியைப் போடாதீர்கள். காலையில் வண்டி கிளம்பாது. இரண்டாவது பேட்டரி தனியாக இருக்க வேண்டும். ஓடும்போது அது சார்ஜ் ஆக, இரண்டுக்கும் நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். லித்தியம் பேட்டரி வாங்குபவர்கள் இதைத் தவிர்க்க முடியாது. நேரடியாக இணைத்தால் அது அளவுக்கு மீறி இழுத்து, வண்டியின் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

லித்தியத்திற்குச் சூடு ஆகாது. வேனெட்டில் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இடம் காலியாக இருக்கிறதே என்று இருக்கைக்குப் பின்னால் பேட்டரி வைத்தால் அந்தச் சூடும் மூடிய வேனின் வெயில் சூடும் சேர்ந்துகொள்ளும்.

காற்று

இதில் விளையாட்டு வேண்டாம். ஏர்கோனுக்காக என்ஜினை ஓடவிட்டுக் காரில் தூங்கி உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தியை நாங்களே பலமுறை வெளியிட்டிருக்கிறோம். காரணம் கார்பன் மோனோக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் உயிர்வளி ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம். தூங்குபவருக்குத் தலைவலிகூடத் தெரியாது. பழைய வேனில் புகைக்குழாய் ஓட்டையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். என்ஜினை நிறுத்திவிட்டுப் படுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனோக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கும் தலைமாட்டருகே மாட்டுங்கள்.

ஏர்கோன் இல்லாமல் எப்படித் தூங்குவது? காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். மாமா கூரையை அறுக்கவில்லை. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம் செய்து மாட்டி, ஒன்றில் காத்தாடியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தார். உள்ளிருக்கும் சூட்டை அது தள்ளத் தள்ள மறுபக்கம் குளிர்ந்த காற்று தானாக வருகிறது. காத்தாடியை நம்மைப் பார்த்து வைத்தால் அதே சூட்டுக் காற்றுதான் சுற்றிச் சுற்றி அடிக்கும். வலையில் பொத்தல் இருக்கக்கூடாது; ஏடிஸ் கொசு வேனுக்கும் வரும். பகலில் முன்கண்ணாடிக்கு வெள்ளித் தாள் விரிப்பு, கூரைக்கு உட்பக்கம் நீர் உறிஞ்சாத நுரைத் தகடு. பஞ்சு வகையை ஒட்டாதீர்கள். ஆறு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரத்தை அது குடித்து வைத்துக்கொண்டு, தகரத்தை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

துரு என்றதும் மாமாவின் இன்னொரு கதை. சூரியத் தகட்டின் வயரை இறக்கக் கூரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை போட்டார். இரும்புக் கடையில் வாங்கிய சாதாரண சிலிக்கோனைச் சுற்றித் தடவினார். புளித்த காடி வாசனை வரும் சிலிக்கோன் அது. அந்த வாசனை அசிட்டிக் அமிலத்தினுடையது, துளையிட்ட பச்சைத் தகரத்தை அரிக்கும். மழைக்காலம் வந்ததும் ஓட்டையைச் சுற்றித் துரு, நீர்க்கசிவு, பலகையில் பூஞ்சை. துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் இரண்டு முறை பூசிக் காயவிட்டு, வாகனங்களுக்கான பாலியூரித்தேன் பசை போட்டிருந்தால் இந்த வேலை ஒரு நாளில் முடிந்திருக்கும். பலகையைப் பிரித்து மறுபடி செய்ய அவருக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

அடுப்பு வெளியே

வீட்டு கேஸ் தோம்பை, அது 12 கிலோவோ 14 கிலோவோ, வேனுக்குள் ஏற்றாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில், அதாவது கட்டிலுக்கு அடியில் தேங்கும். அங்கேதான் பேட்டரியும் ரிலேயும் பொறி தட்டக் காத்திருக்கும். கையடக்க பியூட்டேன் அடுப்பு போதும். அதையும் கன்வாஸுக்கு அடியில், வெளியே வைத்துச் சமையுங்கள். மழை என்று உள்ளே கொண்டு வந்தால் மீண்டும் அதே கார்பன் மோனோக்சைடு. கேஸ் குப்பிகளை வெயிலில் பூட்டிய வேனுக்குள் விட்டுப் போவதும் ஆபத்து, வெடிக்கும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் சாமானோடு சாமானாகக் கிடந்தால் பயனில்லை.

மாமாவின் வேன் இப்போது மறுபடி தயார். சோற்றுச் சட்டி வீட்டிலேயே இருக்கிறது. இரவில் பக்கக் கதவுக்கு முன்னால் செருப்பைக்கூட விடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. லித்தியம் பேட்டரிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார், அதை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. மிஞ்சிய பலகைத் துண்டுகளில், பாட்டி வேனில் ஏறி இறங்க ஒரு முக்காலி செய்து கொடுத்திருக்கிறார், வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் ஒட்டி. பாட்டியைக் கேட்டால், அந்த வேனில் மாமா செய்ததிலேயே உருப்படியானது அதுதான்.